குதிரை நோய் எண்டு நினைச்சாங்க

மாம்புரிப் பக்கம் தோட்டம் செய்றவங்களுக்கு மணலும் கிணத்துத் தண்ணியும்தான் வாழ்க்கை. வெறுங்காலோட நிண்டு தண்ணி பாய்ச்சும்போது காலில் ஒரு கீறல் என்றால் யார் கணக்கெடுப்பார்கள்? மெலியோய்டோசிஸ் பற்றி வாசிக்கும்வரை நாங்களும் எடுத்ததில்லை.

மண்ணிலும் தேங்கிய தண்ணியிலும் வாழும் பக்டீரியா ஒன்று தரும் வருத்தம் இது. கீறல் வழியாகவோ மூச்சு வழியாகவோ உள்ளே போய் நுரையீரல், ஈரல், மண்ணீரல் என்று கண்ட இடத்திலும் சீழ் கட்டவைக்கும். மிக அரிதாகக் கண்குழியிலும் கட்டும். அப்போது இமை வீங்கி, கண் வெளியே தள்ளி, பார்வையே போய்விடலாம்.

1911இல் ரங்கூன் பிணவறையில்தான் இது முதலில் பிடிபட்டது. பிரித்தானிய மருத்துவர் ஆல்பிரட் விட்மோரும் அவரது உதவி மருத்துவர் சி. எஸ். கிருஷ்ணசாமியும் உடல்களைத் திறந்தபோது, குதிரைகளுக்கு வரும் கிளாண்டர்ஸ் நோய் போலச் சீழ்க்கட்டிகள் இருந்தன. வளர்த்துப் பார்த்தால் கிருமி வேறு. 1912இல் இருவரும் சேர்ந்தே எழுதினார்கள். ஆனால் நிலைத்த பேர் 'விட்மோர் நோய்'. கிருஷ்ணசாமி எங்க போனார்?

இறந்தவர்களில் நிறையப் பேர் மார்பின் ஊசி போட்ட ஏழைகள். அதனால் 'மார்பின் ஊசிக்காரரின் நோய்' என்றும் சொன்னார்கள். பழி ஊசியில் விழுந்தது, மண்ணை யாரும் பார்க்கவில்லை. 1921இல் கோலாலம்பூரில் ஸ்டாண்டனும் பிளெட்சரும் வைத்த பேர்தான் மெலியோய்டோசிஸ்.

இலங்கையில் 1927இல் பதிவான முதல் நோயாளி யார் தெரியுமா? ஒரு ஐரோப்பியத் தேயிலைத் தரகர்! தோட்டத்திலும் வயலிலும் நின்றவர்களுக்கு அதற்கு முன் வரவேயில்லை என்று எங்களால் நம்ப முடியவில்லை. அவர்களின் சீழை யார் ஆய்வுகூடத்துக்கு அனுப்பியிருப்பார்கள்?

பிறகும் பல பத்தாண்டுகள் அங்கொன்று இங்கொன்றுதான். 2006க்குப் பிறகு கொழும்புப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்தினர் தேடத் தொடங்கியபோதுதான் நாட்டின் பல பக்கமிருந்தும் நோயாளிகள் தெரியவந்தார்கள். உலகம் முழுக்க வருசத்துக்கு 1,65,000 பேருக்கு வருகிறது, 89,000 பேர் சாகிறார்கள் என்பது 2016இல் வந்த கணிப்பு.

சீனி வருத்தக்காரருக்குத்தான் ஆபத்து கூட. காசநோய் மாதிரியும் காட்டும். சீழை வளர்த்துப் பார்க்கும் இடத்திலும் 'ஏதோ கலந்த கிருமி' என்று தள்ளிவிடலாம். ஆகவே சீனி இருக்கிற ஒருவருக்குக் காய்ச்சலோட கண் வீங்கினால், தான் மண்ணில் வேலை செய்கிறவர் என்பதையும் டொக்டரிடம் சொல்லவேணும். இரண்டு கிழமைக்குக் குறையாமல் செப்டாசிடிம் மாதிரி ஊசி மருந்து, பிறகு மூன்று மாதமாவது கோட்ரைமொக்சசோல் குளிசை. வீக்கம் வத்தினதும் பாதியில் விட்டால் திரும்ப வரும்.