துண்டுத் துணியில் நின்ற பெயர்கள்

‘கந்தையானாலும் கசக்கிக் கட்டு’ என்பது நம் முன்னோர் வாக்கு. தூய்மையை வலியுறுத்தும் அவ்வாக்கினுள் மற்றொரு கருத்தும் அடங்கியிருக்கிறது. கிழிந்தது என்பதற்காகத் துணியை எறிந்துவிடும் வழக்கம் நம்மவரிடம் இருந்ததில்லை என்பதே அது. தோட்டப்புற லயங்களில் வாழ்ந்த நம் பாட்டிமாரின் சேலை ஒன்றின் வரலாற்றை எண்ணிப் பாருங்கள். புதிதாக இருந்தபோது திருவிழாவுக்கு உடுத்தப்பட்டது. நிறம் மங்கியபின் வேலைக்காட்டுக்குச் சென்றது. நைந்தபின் பிள்ளைக்குத் தூளியாயிற்று. தூளியும் கிழிந்தபின் தலைச்சுமைக்குச் சும்மாடாகவும், அடுப்படியில் கரித்துணியாகவும், இறுதியில் விளக்குத் திரியாகவும் பயன்பட்டு முடிந்தது. தையற்காரர் வெட்டி ஒதுக்கிய துண்டுகளும் தலையணைக்குள் புகுந்தன, கால்மிதியாகவும் மாறின.

மிஞ்சிய துண்டுக்குப் பயன் தேடும் இவ்வுணர்வு மாந்த இனம் முழுமைக்கும் பொதுவானது. அதிலிருந்து பிறந்த கலையே ஒட்டுத்துணிப் போர்வைக் கலை. அக்கலை நாம் வாழும் இம்மண்ணில், ஒரு சிறைச்சாலையின் மதிலுக்குள், வரலாற்றுச் சான்றாக மாறிய செய்தியை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

சதுரமும் போர்வையும்

ஒட்டுத் தையல் பல நாடுகளுக்கு உரியது. வங்கப் பெண்கள் பழஞ்சேலைகளை அடுக்கித் தைக்கும் காந்தா புகழ் பெற்றது. மலாய்க்காரர் தம் துண்டுத்துணி வேலையைத் ‘தம்பால் செரிபு’, அதாவது ஆயிரம் ஒட்டு, என்று அழைத்தனர். பல வீடுகளில் துண்டுத்துணி பெற்றுப் பிறந்த குழந்தைக்குச் சட்டை தைத்தணிவித்தல் சீனரின் வழக்கம். பல குடும்பங்களின் வாழ்த்தும் காவலும் அக்குழந்தைக்குக் கிட்டும் என்பது அவர்தம் நம்பிக்கை. புத்த துறவியர் அணியும் துவராடையும் துண்டுகளை இணைத்துத் தைக்கப்படுவதே. மகத நாட்டு வயல்களும் அவற்றின் வரப்புகளும் அதன் அமைப்புக்கு மாதிரியாயின என்று பௌத்த விநய நூல் கூறுகிறது.

மேலைநாட்டு மகளிர் இக்கலையை ஒரு முறைக்குள் கொண்டுவந்தனர். பெரிய போர்வை ஒன்றை ஒரே மூச்சில் தைத்துவிட இயலாது. ஆகவே, கைக்கு அடங்கும் சிறு சதுரங்களாக அதனைப் பிரித்துக்கொண்டனர். துண்டுகளைத் தையலுக்குரிய ஓரம் விட்டு வெட்டி, இணைத்து, ஒரு சதுரத்தை முடிப்பர். அத்தகைய சதுரங்கள் பல சேர்ந்தபின் அவற்றை வரிசை வரிசையாகத் தைத்து, அடியில் வேறொரு துணி கொடுத்துப் போர்வையாக்குவர். வேலை சிறிதாயினும் அளவு பிசகலாகாது. ஒரு சதுரம் கால் அங்குலம் குறைந்தாலும் வரிசை முழுவதும் கோணிவிடும்.

இம்முறையில் வேறொரு நன்மையும் உண்டு. ஒரு போர்வையைப் பலர் பகிர்ந்துகொண்டு தைக்கலாம். 1840களில் வட அமெரிக்காவில் இவ்வழக்கம் பெரிதும் பரவியது. மேற்குத் திசை நோக்கிக் குடிபெயரும் ஒரு குடும்பத்துக்கு அண்டை வீட்டுப் பெண்கள் ஆளுக்கொரு சதுரம் தைத்து, அதில் தத்தம் பெயரையும் பொறித்து, ஒன்றாக இணைத்துக் கொடுத்தனுப்பினர். மீண்டும் காண இயலாதவர்களின் பெயர்கள் அக்குடும்பத்தோடு பயணம் சென்றன.

ஆயினும், தைத்த சதுரங்கள் அனைத்தும் போர்வையில் இடம்பெறுவதில்லை. நிறப் பொருத்தம் பார்க்கத் தைத்தது ஒன்று மிஞ்சும். அளவு தவறியது ஒன்று மிஞ்சும். எண்ணிக்கைக்கு மேற்பட்டது ஒன்று மிஞ்சும். இவற்றை அக்கலையினர் ‘அநாதைகள்’ என்று அழைப்பர். ஆனால், அவர்கள் அவற்றைக் கைவிடுவதில்லை. ஒன்று பையாகும்; மற்றொன்று தலையணை உறையாகும். எஞ்சியவை பெட்டியில் காத்திருக்கும். போதிய அளவு சேர்ந்ததும், சிறிய சதுரத்தைச் சுற்றி நாடா போன்ற துணிக்கீற்றை வைத்துத் தைத்து, எல்லாவற்றையும் ஓர் அளவுக்குக் கொண்டுவருவர். அதன்பின் ஒன்றோடொன்று உறவில்லாத அச்சதுரங்களும் ஒரு போர்வையாகிவிடும். இச்செய்தியை மாணவர்கள் நினைவில் வைத்துக்கொள்க. இறுதியில் இதற்குத் திரும்பி வருவோம்.

சாங்கிச் சிறையில்

1942ஆம் ஆண்டு பிப்ரவரி 15ஆம் நாள் சிங்கப்பூர் ஜப்பானியரிடம் வீழ்ந்தது. வெள்ளையரும் யூரேசியருமான குடிமக்கள் பலர் சிறைப்படுத்தப்பட்டனர். மார்ச்சுத் திங்களில் ஏறத்தாழ நானூறு பெண்களும் குழந்தைகளும் கத்தோங் பகுதியிலிருந்து வெயிலில் நடந்தே சாங்கிச் சிறையை அடைந்தனர். அறுநூறு கைதிகளுக்கெனக் கட்டப்பட்ட அச்சிறையில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட ஆடவரும் பெண்டிரும் அடைக்கப்பட்டனர். ஆண்கள் ஒருபுறம், பெண்கள் மறுபுறம், இடையே மதில். போர்வீரராய் இருந்த கணவன்மாரோ சாங்கியிலேயே வேறிடத்தில் இராணுவ முகாமில் இருந்தனர். ஒரு மைல், இரு மைல் தொலைவில் இருந்தும், மனைவி உயிரோடிருக்கிறாளா என்பதைக் கணவன் அறியான். கணவன் பிழைத்தானா என்பதை மனைவி அறியாள்.

அங்கே முதலில் ஊசியை எடுத்தவர்கள் சிறுமியர். எலிசபெத் என்னிஸ் என்னும் செவிலியர், சிங்கப்பூர் வீழ்வதற்குச் சில நாள்களுக்கு முன்னரே மணமுடித்தவர். அவர் சிறையில் இருந்த சிறுமியருள் ஏறத்தாழ இருபது பேரைச் சேர்த்துச் சாரணியர் குழு ஒன்றை அமைத்தார். தம்மைப் பேணிய அம்மங்கைக்குப் பிறந்தநாள் பரிசு ஒன்று கொடுக்கச் சிறுமியர் விரும்பினர். சிறையில் பரிசுக்கு எங்கே போவது? கிழிந்த ஆடைகளிலிருந்து துண்டுகள் வெட்டினர். நூலுக்குப் பழைய உடைகளைப் பிரித்தனர். அறுகோணமாக வெட்டிய ஏழு துண்டுகளில் ஒன்றை நடுவிலும் ஆறைச் சுற்றிலும் வைத்துத் தைத்தால் ஒரு பூ உருவாகும். அவ்வாறு பூப்பூவாய்த் தைத்து, என்னிஸ் அம்மையார் அறியாதபடி ஒரு போர்வையை உருவாக்கினர். அந்தப் போர்வை இன்று இலண்டனிலுள்ள பேரரசுப் போர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

மூன்று போர்வைகள்

எதெல் மல்வனி என்பவர் கனடா நாட்டவர். இராணுவ மருத்துவர் ஒருவரின் மனைவி. சிறைமுகாமில் செஞ்சிலுவைச் சங்கத்தின் சார்பாளராக இயங்கியவர். பெண்கள் அனைவரும் சேர்ந்து போர்வைகள் தைத்து மருத்துவமனையில் இருக்கும் காயமுற்ற வீரர்களுக்கு அனுப்பலாம் என்னும் திட்டத்தை அவர் வகுத்தார். விருப்பமுள்ள ஒவ்வொருவருக்கும் ஆறங்குலச் சதுர வெள்ளைத் துணி ஒன்று வழங்கப்பட்டது. மாவு மூட்டையும் படுக்கை விரிப்பும் கிழித்துப் பெற்ற துணி அது. அதில் உங்களைப் பற்றிய ஏதேனும் ஒன்றைத் தையுங்கள் என்பதே அவர்களுக்கு இடப்பட்ட பணி.

மூன்று போர்வைகள் உருவாயின. ஒவ்வொன்றிலும் அறுபத்தாறு சதுரங்கள். ஒன்று காயமுற்ற பிரித்தானிய வீரர்க்கு. ஒன்று ஆஸ்திரேலிய வீரர்க்கு. மூன்றாவது காயமுற்ற ஜப்பானிய வீரர்க்கு! பகைவனுக்கும் ஒரு போர்வை தைத்தது ஏன்? அது இருந்தால் மற்ற இரண்டையும் வெளியே அனுப்பத் தடையிராது என்பது ஒரு காரணம். மதிநுட்பம் நிறைந்த ஏற்பாடுதான். எனினும், நோயுற்றவரின் துன்பத்துக்கு இரங்கித் தருகிறோம் என்று ஆஸ்திரேலியப் போர்வையின் பின்புறத்தில் பொறித்த அதே சொற்களை ஜப்பானியப் போர்வையின் பின்புறத்திலும் அவர்கள் பொறித்தனர். அச்சொற்களை வெறும் சூழ்ச்சி என்று ஒதுக்கிவிட மனம் ஒப்பவில்லை.

ஜப்பானியப் போர்வையில் மலர்களும் ஜப்பானிய நாட்டுக் காட்சிகளும் மிகுதி. மற்ற இரண்டிலும் பலவகைச் சதுரங்கள் உள்ளன. பிறந்த நாட்டை நினைவூட்டும் சின்னங்கள் சிலவற்றில். சிறையின் அறையும் மதிலும் சிலவற்றில். சிரிப்பூட்டும் சொற்கள் சிலவற்றில். பெரும்பாலானவற்றில் தைத்தவரின் பெயர் இருக்கிறது. அப்பெயரே செய்தி! ‘நான் உயிரோடு இருக்கிறேன்’ என்று எழுதினால் அது கடிதமாகிவிடும். கடிதத்துக்கு அங்கே இடமில்லை. பூ ஒன்றைத் தைத்து அதன்கீழ்ப் பெயரைத் தைத்தால் அது பூவேலை. மருத்துவமனைக் கட்டிலில் அதைக் காணும் வீரன் ஒருவன் தன் தோழனிடம் சொல்வான். தோழன் மற்றொருவனிடம் சொல்வான். அவ்வாறு செய்தி சென்று சேரும் என்பதே அப்பெண்களின் நம்பிக்கை.

சதுரம் தைத்தவர்களுள் ஷீலா ஆலன் என்னும் இளம்பெண்ணும் ஒருவர். ஆஸ்திரேலியத் தந்தையின் மகளாய் மலாயாவில் வளர்ந்த அவர், சிறையில் எழுதிய நாட்குறிப்பு பிற்காலத்தில் நூலாக வெளிவந்தது. மல்வனி அம்மையாரும் அங்கு மற்றொரு பணியைச் செய்தார். பசித்திருந்த பெண்கள் வீட்டில் சமைத்த உணவுகளை நினைவுகூர்ந்து சொன்ன சமையற் குறிப்புகளைத் திரட்டினார். 1946இல் அவை நூலாக அச்சேறின. துணியோ, நினைவோ, சிறியது என்று எதனையும் எறியாதவர் அவர்.

1944ஆம் ஆண்டு மே திங்களில் குடிமக்கள் கைதிகள் சைம் சாலை முகாமுக்கு மாற்றப்பட்டனர். அடுத்த ஆண்டு போர் முடிந்தது. போர்வைகளும் பிழைத்தன. ஆஸ்திரேலியப் போர்வையும் ஜப்பானியப் போர்வையும் கான்பெராவிலுள்ள ஆஸ்திரேலியப் போர் நினைவகத்தில் உள்ளன. பிரித்தானியப் போர்வை அந்நாட்டுச் செஞ்சிலுவைச் சங்கத்தின் காப்பில் இருக்கிறது. அச்சதுரங்களில் உள்ள பெயர்களைப் பற்றிக்கொண்டு ஆய்வாளர்கள் ஒவ்வொரு பெண்ணின் வாழ்க்கையையும் தேடிச் சென்றனர். ஆறங்குலத் துணி ஒன்று ஒருவரின் முழு வரலாற்றுக்கும் வாயிலாயிற்று.

நம் பெயர்கள் எங்கே?

இவற்றைப் படிக்கும்போது தமிழர் உள்ளத்தில் ஒரு கேள்வி எழாமல் இராது. அதே ஆண்டுகளில், அதே ஆட்சியின்கீழ், மலாயாவின் ரப்பர்த் தோட்டங்களிலிருந்து நம்மவர் பல்லாயிரவர் சயாமுக்குக் கொண்டு செல்லப்பட்டனர். சயாமின் பான் போங் முதல் பர்மாவின் தன்பியுசாயாட் வரை 415 கிலோமீட்டர் நீண்ட அந்த இரயில்பாதை 1943 அக்டோபரில் இணைக்கப்பட்டது. அதனை அமைத்த நேச நாட்டுப் போர்க்கைதிகளுள் பன்னீராயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். தமிழர், பர்மியர், மலாய்க்காரர், சாவகர் முதலிய ஆசியத் தொழிலாளருள் மாண்டவர்களோ அவர்களைவிடப் பன்மடங்கு அதிகம். காஞ்சனபுரிப் போர்க் கல்லறையில் ஏறத்தாழ ஏழாயிரம் போர்க்கைதிகளின் கல்லறைகள் வரிசையாய் உள்ளன. பெரும்பாலானவற்றில் பெயரைப் படிக்கலாம். நம்மவருள் பெரும்பாலோர்க்குக் கல்லும் இல்லை, பெயரும் இல்லை.

சாங்கிப் பெண்கள் துன்புறவில்லை என்று யாரும் கூற இயலாது. ஆனால், அவர்களிடம் எழுத்தறிவு இருந்தது. ஊசியும் நூலும் இருந்தன. பெயரைப் பொறிக்க ஆறங்குல இடம் இருந்தது. தோட்டத்திலிருந்து லாரியில் ஏற்றப்பட்டவனுக்கு அவற்றுள் ஒன்றும் கிடைக்கவில்லை. துன்பம் பெரிதாயிருந்தால் மட்டும் வரலாறு நினைவில் வைத்துக்கொள்வதில்லை. பெயரை யாரேனும் ஒருவர் எழுதிவைக்க வேண்டும்.

ஆயினும், துண்டுகள் முற்றிலும் அழிந்துவிட்டன என்று சொல்ல முடியாது. ‘தாத்தாவின் தம்பி சயாமுக்குப் போனவர், திரும்பவில்லை’ என்று ஒரு வீட்டில் சொல்வார்கள். அவர் பெயர் தெரியும். போன ஆண்டு தெரியாது. மற்றொரு வீட்டில் தோட்டத்தின் பெயர் தெரியும். ஆளின் பெயர் மறந்துவிட்டது. வேறொரு வீட்டில் பின்புறம் எழுத்தில்லாத நிழற்படம் ஒன்று மட்டும் இருக்கிறது. இவை முழுமையான வரலாறு ஆகா. எந்த வரிசையிலும் அளவுக்குப் பொருந்தா. முன்னர்க் கூறிய அநாதைச் சதுரங்கள் இவையே.

அளவு பொருந்தாத சதுரத்தை அக்கலையினர் என்ன செய்தனர்? சுற்றிலும் துணிக்கீற்று வைத்து அளவுக்குக் கொண்டுவந்தனர். நாமும் அதைச் செய்யலாம். பெயர் மட்டும் தெரிந்த இடத்தில், அதைச் சொன்னவர் யார், எந்த ஊர், எந்த உறவு, கேட்டு எழுதிய நாள் எது என்பவற்றைச் சுற்றிலும் குறித்துவைத்தால் அச்சிறு செய்தியும் நிலைபெறும். தெரியாததைத் தெரிந்ததுபோல் புனைந்து நிரப்புதல் மட்டும் கூடாது. கீற்று வேறு, சதுரம் வேறு என்பது பார்ப்பவர்க்குத் தெரிய வேண்டும். அதுவே வரலாற்று நேர்மை.

தமிழாசிரியப் பெருமக்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் வகுப்பு மாணவர் ஒவ்வொருவருக்கும் ஆறங்குலச் சதுரத் தாள் ஒன்று கொடுங்கள். வீட்டில் மூத்தவரிடம் கேட்டு, குடும்பத்தில் ஒருவரின் பெயரையும், அவரைப் பற்றி அறிந்த ஒரே ஒரு செய்தியையும் எழுதிவரச் செய்யுங்கள். எழுதி வருவனவற்றை ஒரு பெரிய அட்டையில் வரிசையாக ஒட்டி வகுப்பறையில் மாட்டுங்கள். ஒரு வரி மட்டுமே கொண்டுவந்த மாணவனை அனுப்பிவிடாதீர்கள். அவனுடைய சதுரத்துக்கும் இடம் கொடுங்கள். போரைக் கண்ணால் கண்ட முதியோர் இன்று மிகச் சிலரே. அவர்களிடம் கேட்டறிந்த பிள்ளைகளும் முதுமையை எட்டிவிட்டனர்.

நம் பாட்டிமார் ஒரு முழத் துணியையும் வீணாக்கியதில்லை. அவர்களுடைய பெயர்களை நாம் வீணாக்கலாகாது.