அக அரணும் அயலாரும்: சித்த ஸ்திரத்துக்கு விழுமியங்கள் துணையாகும் வகை

மனிதன் தன் வாழ்வில் எவற்றைப் பெரியனவென மதிக்கிறானோ அவற்றைத் தெளிவுற உணர்ந்து, அவற்றிற்கு மாறுபடாமல் ஒழுகுவானாயின், புறத்தே வரும் இலாப நட்டங்களால் அவன் சித்தம் கலங்காது என்றும், அக்கலங்காமையே அவனுடைய இன்பத்திற்கு ஆதாரமாகும் என்றும் கூறும் கொள்கை மிகப் பழைமையானது. மேல்நாட்டில் அதனை மிகக் கடுமையாகவும் மிக முழுமையாகவும் வற்புறுத்தியவர்கள் ஸ்டோயிக் தத்துவ ஞானிகள். அவர்களுடைய போதனையைச் சுருக்கியும் இளக்கியும் வழங்கும் இக்கால நூல்கள், ஒருவன் தனிமையில் அமர்ந்து தன் உள்ளத்தைத் துருவி, தனக்குரிய விழுமியங்கள் இவையென்று தானே தேர்ந்து குறித்துக்கொண்டால் மன அமைதிக்கு வழி திறந்துவிடும் என்று உபதேசிக்கின்றன. இவ்வுபதேசத்தில் ஓரளவு உண்மை உண்டு என்பதை நான் மறுக்கவில்லை. ஆயினும் விழுமியத்தை ஒருவன் தன் நெஞ்சிலே கண்டெடுத்து அங்கேயே பூட்டிவைக்கும் அந்தரங்க உடைமையாகக் கருதுவது அம்மூலபுருஷர்களின் கருத்துக்கே முரணானது என்பதும், பிறரிடம் பெற்று, பிறர் முன்னிலையில் காத்து, பிறரால் திருத்தப்படும் விழுமியமே உள்ளத்தை நிலைநிறுத்தவல்லது என்பதும் இக்கட்டுரையில் நான் நிறுவ முயலும் துணிபுகள்.

அந்த ஸ்டோயிக் ஞானிகளுள் ஒருவராகிய எபிக்டெட்டஸ் ஹையராபொலிஸ் என்னும் ஊரில் பிறந்து, ரோமாபுரியில் அடிமையாய் வாழ்ந்து, விடுதலை பெற்றபின் தத்துவம் போதித்து, டொமிஷியன் சக்கரவர்த்தி தத்துவவாதிகளை வெளியேற்றிய காலத்தில் கிரேக்க நாட்டு நிக்கபொலிஸ் நகருக்குச் சென்று ஒரு பள்ளியை நடத்தியவர். கால் ஊனமுற்றவர். அவர் தம் கையால் யாதொன்றும் எழுதிவைக்கவில்லை. மாணாக்கராகிய அர்ரியன் குறித்துவைத்தவற்றில் நான்கு பாகங்களும் ஒரு சிறு கையேடுமே நமக்குக் கிடைத்துள்ளன. நம் வசத்தில் இருப்பன இவை, நம் வசத்தில் இல்லாதன இவை என்று பிரித்து, முன்னவற்றில் மட்டுமே நன்மை தீமைகளை வைக்கவேண்டும் என்பது அவருடைய முதற்பாடம். அவரைப் பயில்வோர் பெரும்பாலும் இவ்விடத்திலேயே நின்றுவிடுகின்றனர். ஆனால் நம் வசத்திலுள்ள அந்தச் செயலை எந்த அளவுகோலால் அளப்பது என்ற வினா எழும்போது அவர் உறவுகளையே சுட்டுகிறார்: நீ ஒருவனுக்கு மகன், ஒருவனுக்குச் சகோதரன், ஒரு நகரத்தின் பிரஜை, உன் கடமை இவ்வுறவுகளால் அளக்கப்படுகிறது, தந்தை நல்லவரா கெட்டவரா என்பது அவர் பொறுப்பு, மகனாக நடப்பதே உன் பொறுப்பு. உலகத்தைத் துறந்தவனுடைய சமாதானத்தை அவர் இங்கே போதிக்கவில்லை. உறவுகளின் நடுவே நிற்பவன் தன் பங்கை மட்டும் குறைவின்றிச் செய்து, பிறர் பங்கைப் பற்றிய ஏக்கத்தை விட்டொழிப்பதனால் எய்தும் சமாதானமே அவர் போதித்தது.

இந்த அடிமையின் போதனைக் குறிப்புகளை ரஸ்டிகஸ் என்னும் ஆசிரியர் தம்மிடமிருந்த பிரதியைக் கொடுத்துப் படிக்கச் செய்தார் என்று நன்றியோடு குறித்துவைத்தவர் 161 முதல் 180 வரை ரோம சாம்ராஜ்யத்தை ஆண்ட மார்க்கஸ் அரேலியஸ். ‘ஆத்ம சிந்தனை’ என்ற பெயரில் ராஜாஜி அவருடைய சிந்தனைகளைத் தமிழில் தந்திருப்பதால், தமிழ் வாசகர்க்கு இப்பெயர் புதிதன்று. அவருடைய ஆட்சி அமைதியான ஆட்சியாக அமையவில்லை. கிழக்கே பார்த்திய யுத்தம். அதிலிருந்து திரும்பிய படைகளோடு வந்து பல ஆண்டுகள் மக்களை மாய்த்த கொள்ளைநோய். வடக்கே தன்யூப் நதிக்கரையில் முடிவின்றி நீண்ட போர். 175-இல் தாம் நம்பியிருந்த தளபதி அவிடியஸ் காசியஸின் கலகம். இவற்றுக்கிடையே பெற்ற மக்களுட் பலரை இளமையிலேயே பறிகொடுத்த துயரம். இத்தகைய வாழ்வின் நடுவில், போர்க்களப் பாசறையில் இருந்துகொண்டு, தமக்குத் தாமே எழுதிக்கொண்ட குறிப்புகளுக்கு அகத்தின் அரண் என்ற கருத்து மையமாக இருப்பதைப் பலரும் எடுத்துக்காட்டியுள்ளனர். பிரெஞ்சு அறிஞர் பியேர் ஹடோ 1992-இல் வெளியிட்ட தம் ஆராய்ச்சி நூலுக்கு அதனையே பெயராகவும் இட்டார்.

அரண் என்றதும் பகைவர் புகாதபடி அடைத்த கோட்டை நம் மனக்கண்முன் எழுகிறது. ஆனால் மார்க்கஸின் குறிப்பு நூலின் முதற்பாகம் எப்படி அமைந்துள்ளது என்பதைக் கவனிக்கவேண்டும். தம் கொள்கைகளை அடுக்குவதற்கு முன் சக்கரவர்த்தி மனிதர்களை நினைவுகூர்கிறார். பாட்டனாரிடம் கண்ட சாந்தம், தாயாரிடம் கண்ட தெய்வபக்தியும் எளிமையும், ஆசிரியர் அப்பொல்லோனியஸிடம் கண்ட, பிள்ளையை இழந்தபோதும் நிலைமாறாத திடம், வளர்ப்புத் தந்தையாகிய அன்டோனைனஸ் பையஸிடம் கண்ட நிதானமும் உழைப்பும் என்று ஒவ்வொரு குணத்தையும் ஒரு மனிதரின் பெயரோடு பிணைத்தே எழுதுகிறார். அவருக்கு விழுமியங்கள் அனைத்தும் கடனாகப் பெற்ற பொருள்கள். கலகமும் கொள்ளைநோயும் சூழ்ந்தபோது அவர் உள்ளத்தில் துணைநின்றவை வெறும் சூத்திரங்கள் என்று கொள்ள இயலாது. அச்சூத்திரங்களை வாழ்ந்து காட்டியவர்களின் முகங்களும் கூடவே நின்றன என்று கொள்வதற்கே அந்நூலின் அமைப்பு இடந்தருகிறது.

பதினெட்டு நூற்றாண்டுகளுக்குப் பின் எபிக்டெட்டஸின் போதனை மீண்டும் ஒரு கடுஞ்சோதனைக்கு உள்ளாயிற்று. ஜேம்ஸ் ஸ்டாக்டேல் என்னும் அமெரிக்கக் கடற்படை விமானி, ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் பயின்றபோது பேராசிரியர் ஃபிலிப் ரைன்லாண்டர் அளித்த கையேட்டின் வாயிலாக அப்போதனையை அறிந்தவர். 1965 செப்டம்பர் 9-ஆம் நாள் வட வியட்நாமில் அவருடைய விமானம் சுட்டு வீழ்த்தப்பட, கால் முறிந்த நிலையில் கைதியாகி, ஹனோய் நகரத்துச் சிறையில் ஏழரை ஆண்டுகள் கழித்து, 1973 பிப்ரவரியில் விடுதலையடைந்தார். அவற்றுள் நான்கு ஆண்டுகள் தனிமைச் சிறை. இரண்டு ஆண்டுகள் கால்விலங்கு. அந்த யுத்தத்தின் நியாய அநியாயங்கள் இங்கே நம் ஆராய்ச்சிப் பொருளல்ல. அவரைச் சிறைவைத்திருந்த தரப்பினருக்கும் உயிரினும் பெரியனவாகத் தோன்றிய விழுமியங்கள் இருந்தன என்பதை மட்டும் சொல்லி மேலே செல்கிறேன்.

ஸ்டாக்டேல் 1993-இல் லண்டன் கிங்ஸ் கல்லூரியில் நிகழ்த்திய சொற்பொழிவு, மனிதச் செயலின் பரிசோதனைச்சாலையில் எபிக்டெட்டஸின் கொள்கைகளைச் சோதித்தல் என்னும் பொருளில் அமைந்தது. அதிலும் அவருடைய பிற எழுத்துக்களிலும் என்னை மிகவும் ஈர்த்த செய்தி ஒன்று உண்டு. கைதியானவன் தன் பெயர், பதவி, எண், பிறந்த தேதி ஆகியவற்றைத் தவிர வேறெதையும் வெளியிடலாகாது என்பது அச்சிறையிலிருந்த அமெரிக்கக் கைதிகள் தம்முடன் கொண்டுவந்த விதி. கயிற்றால் கட்டி முறுக்கும் சித்திரவதையின் முன் அவ்விதியை முழுமையாகக் காத்தல் மானிட சக்திக்கு அப்பாற்பட்டதாயிற்று. ஏதேனும் ஒன்றைச் சொல்லிவிட்டு அறைக்குத் திரும்பியவனை உடலின் வலியைவிட, தான் துரோகி என்ற குற்றவுணர்ச்சியே அதிகமாக அரித்தது. விழுமியம் இருந்தது, அதன்மேல் பற்றும் இருந்தது, ஆனால் அப்பற்றே அவனை உள்ளிருந்து உடைத்தது. தனித்துக் காக்கும் இலட்சியம் எவ்வளவு உயர்ந்ததாயினும் தவறியபின் மனிதனைத் தாங்குவதில்லை என்பதற்கு இதனைக் காட்டிலும் தெளிவான சான்று எனக்குத் தெரியவில்லை.

இந்நிலையை மாற்றியவை இரண்டு. முதலாவது, சுவரைத் தட்டிப் பேசும் முறை. ஆங்கில எழுத்துக்களில் ஒன்றை விலக்கி, எஞ்சிய இருபத்தைந்தையும் ஐந்து வரிசையாக அமைத்து, முதலில் வரிசையின் எண்ணையும் பின்னர் அவ்வரிசையில் எழுத்து நிற்கும் இடத்தின் எண்ணையும் தட்டி, அடுத்த அறையிலிருப்பவனோடு அவர்கள் உரையாடினார்கள். வதையிலிருந்து மீண்டவன் தான் என்ன சொல்லிவிட்டான் என்பதை மறைக்காமல் அண்டை அறைக்குத் தட்டித் தெரிவித்தான். அங்கிருந்தவனும் அதே அனுபவத்தைக் கண்டவனாதலால் ஆறுதலைத் திருப்பித் தட்டினான். இரண்டாவது, மூத்த அதிகாரி என்ற முறையில் ஸ்டாக்டேல் வகுத்த புதிய கட்டளைகள். பொது இடத்தில் பகைவருக்குத் தலைவணங்காதிருத்தல், வானொலியில் பேசாதிருத்தல், குற்றம் செய்ததாக ஒப்புக்கொள்ளாதிருத்தல், விடுதலையாகும் வேளையில் நன்றி பாராட்டாதிருத்தல், தன் நலத்தினும் கூட்டத்தின் ஒற்றுமையைப் பெரிதாகக் கொள்ளுதல் என்பனவே அவை. இவை முன்னைய விதியைவிடச் சிறியவை. ஆயினும் வதைபட்ட மனிதன் முயன்று காக்கத்தக்கவை. ஒருமுறை தவறினாலும் மறுநாள் மீண்டும் தொடங்கத்தக்கவை. எட்டாத உயரத்தில் தனித்து நின்ற நெறியைத் தோழர்கள் கூடிக் காக்கும் அளவிற்கு இறக்கி அமைத்தது நெறியைத் தளர்த்தியது ஆகாது. உள்ளம் மீண்டும் ஊன்றிக்கொள்வதற்கு அது நிலம் தந்தது.

இங்கே ஓர் ஆட்சேபம் எழும், அதுவும் நியாயமான ஆட்சேபமே. சித்தம் கலங்காதிருத்தல் விழுமியத்தின் நன்மைக்குச் சான்றாகுமா? கொடியவனும் தன் கொள்கையில் அசைவின்றி நிற்கக்கூடும். நல்லவர் என்று உலகம் கொண்டாடும் மார்க்கஸின் ஆட்சியிலேயே, 177-ஆம் ஆண்டு, இன்றைய லியோன் நகரில் கிறிஸ்தவர்கள் கொடூரமாகக் கொல்லப்பட்டனர். அதில் அவருடைய நேரடிப் பொறுப்பு எவ்வளவு என்பது பற்றி வரலாற்றாசிரியர்களுக்குள் கருத்து வேற்றுமை உண்டு. ஆனால் அது அவருடைய நினைவுக் குறிப்புகளில் உறுத்தலாக எங்கும் பதியவில்லை. ஓர் அடிமையிடம் ஞானம் கற்றவர், அடிமை முறையையே தவறென்று எண்ணவுமில்லை. அவர் யார் யாருக்கு நன்றி கூறினாரோ, யார் யாருடைய கண்டனத்திற்கு அஞ்சினாரோ, அந்த வட்டத்தில் அடிமைகளும் கிறிஸ்தவர்களும் இல்லை. அவ்வட்டத்திற்கு வெளியே அவருடைய மனச்சாட்சி விழித்திருக்கவில்லை. ஆகவே இவ்வாட்சேபம் என் துணிபைத் தகர்ப்பதாக எனக்குத் தோன்றவில்லை. ஒருவனுடைய விழுமியங்கள் எத்தனை பேருடைய குரலுக்குச் செவிசாய்க்கின்றனவோ அத்தனை தூரமே அவனுடைய நிலைபேறு மெச்சத்தக்கது. அதற்கப்பால் அது வெறும் பிடிவாதமாகவோ குருட்டுத்தனமாகவோ ஆகிவிடலாம்.

இன்பத்தைப் பற்றிய வினா எஞ்சியிருக்கிறது. அறம் ஒன்றே இன்பத்திற்குப் போதும் என்றனர் ஸ்டோயிக்கர். அவர்களுக்கு முன்பே அரிஸ்டாட்டில், டிராய் நகரத்து அரசன் பிரியாம் என்பவனைச் சுட்டி, அவனைப்போல் பேரிழப்புக்கு ஆளானவனை இன்புற்றவன் என்று யாரும் சொல்லார் என்றும், ஆயினும் நல்லவன் அந்நிலையிலும் இழிந்தவனாகிவிடான் என்றும் எழுதினார். இவ்விருவருள் அரிஸ்டாட்டில் பக்கமே உண்மை மிகுதி என்பது என் கருத்து. விழுமியம் நிலைபேற்றை அளிக்கும். இன்பத்தை அதற்குரிய கூலியாகக் கேட்பது தவறு. பிறரைச் சார்ந்த விழுமியமோ துயரத்தையும் உடன் கொண்டுவரும். இளமையில் தம் ஆசிரியர் ஒருவர் இறந்தபோது மார்க்கஸ் அழுதாரென்றும், அரண்மனையோர் தடுக்க முற்பட்டபோது, அவனை மனிதனாக இருக்க விடுங்கள், தத்துவமும் சாம்ராஜ்யமும் உணர்ச்சியைப் போக்கிவிடுவதில்லை என்னும் கருத்துப்பட அன்டோனைனஸ் கூறினாரென்றும் பிற்காலத்து ரோம சரித்திர நூல் ஒன்று சொல்கிறது. அந்நூல் பல இடங்களில் நம்பத்தகாதது என்பதை அறிவேன். எனினும் மார்க்கஸ் தம் ஆசிரியர் ஃப்ரோன்டோவுக்கு எழுதிய கடிதங்களில் நோயுற்ற குழந்தைகளைப் பற்றித் தெரியும் தவிப்பும் பரிவும் அக்கதையோடு ஒத்தே நிற்கின்றன. அழுதவர்தாம் பின்னர் நிலைகுலையாமல் ஆண்டார்.

விழுமியத்தின் வலிமை பிறரோடுள்ள பிணைப்பில் இருக்கிறது என்னும் இவ்விடத்தை இக்காலத்து உளவியலும் வேறொரு வழியால் வந்தடைந்திருக்கிறது. 1988-இல் கிளாட் ஸ்டீல் வகுத்த கொள்கை, தன் மதிப்புக்கு ஊறு நேரும்போது தான் பெரிதாக மதிக்கும் ஒன்றை நினைந்து தன்னை உறுதிசெய்துகொள்பவன் அவ்வூறைத் தாங்குகிறான் என்பது. ஜெனிஃபர் க்ராக்கரும் அவருடன் ஆராய்ந்தோரும் 2008-இல் வெளியிட்ட ஆராய்ச்சி, முக்கியமான விழுமியங்களைப் பற்றி எழுதுவது தற்காப்பு மனப்பான்மையைக் குறைப்பதற்குக் காரணம், அவ்வாறு எழுதும்போது பிறர்பால் எழும் அன்பும் பிணைப்புணர்ச்சியுமே என்று காட்டியது. அடக்கமுடைமையைத் துறவறவியலில் வைக்காமல், உறவுகளின் நடுவே வாழ்பவனுக்குரிய இல்லறவியலில் வைத்த திருக்குறளின் அமைப்பைப் பயின்றவர்களுக்கு இம்முடிவு வியப்பளிக்காது.

ஆதலின், விழுமியங்களை ஆராயும் அறிஞர்களையும், பள்ளிகளிலும் கல்லூரிகளிலும் அவற்றைப் போதிக்கும் ஆசிரியர்களையும் நான் வேண்டிக்கொள்வது இது: ஒருவனிடம் நீ எவற்றைப் பெரிதாக மதிக்கிறாய் என்று கேட்டு அவன் தரும் பட்டியலோடு நின்றுவிடாமல், அவற்றை யாரிடமிருந்து பெற்றாய், யார் முன்னிலையில் காக்கிறாய், நீ தவறும்போது உன்னிடம் அதனைச் சொல்லும் உரிமை யாருக்கு உண்டு என்னும் மூன்று வினாக்களையும் அவனிடம் கேட்பீர்களாக.