கழுத்து வீக்கமும் கவாசாகி மருத்துவரும்

பேரன் எப்படி இருக்கிறான் என்று பலர் கேட்டிருந்தீர்கள். நலமாக இருக்கிறான். பாடம் நடத்திய பழக்கம் விடவில்லை. பதிலையும் வரலாற்றுப் பாடமாகவே சொல்கிறேன்.

1961 ஜனவரி. டோக்கியோ செஞ்சிலுவை மருத்துவமனையில் குழந்தை மருத்துவர் டொமிசாகு கவாசாகியிடம் நான்கு வயதுச் சிறுவன் ஒருவன் வந்தான். விடாத காய்ச்சல், சிவந்த கண்கள், வெடித்த உதடுகள், உடம்பில் தடிப்பு, கழுத்தில் நெறி கட்டிய வீக்கம். தெரிந்த எந்த நோயிலும் அது அடங்கவில்லை. சிறுவன் குணமாகி வீடு திரும்பியபோது, இன்ன நோய் என்று தெரியவில்லை என்றே கவாசாகி பதிவு செய்தார். தெரியாததைத் தெரியாது என்று எழுதவும் துணிவு வேண்டும். மறு ஆண்டு அதே போல இன்னொரு குழந்தை வந்தது. விடாமல் குறித்து வைத்து, 1967இல் 50 குழந்தைகளைப் பற்றிக் கட்டுரை வெளியிட்டார்.

தானாக ஆறிவிடும் நோய் என்றே முதலில் கருதினார்கள். 1970இல் ஜப்பானில் நாடு முழுவதும் விவரம் சேகரித்தபோதுதான், இதயத்தின் ரத்தக் குழாய்கள் பாதித்துச் சில குழந்தைகள் இறந்தது தெரிந்தது. சிகிச்சை இல்லாவிட்டால் நான்கில் ஒரு குழந்தைக்கு அந்தக் குழாய்கள் புடைத்துவிடலாம். 1980களில் இம்யூனோகுளோபுலின் மருந்து வந்தது. காய்ச்சல் தொடங்கிப் பத்து நாளுக்குள் ஏற்றினால் அந்த ஆபத்து வெகுவாகக் குறைகிறது.

சிக்கல் என்னவென்றால், சில குழந்தைகளுக்கு முதலில் காய்ச்சலும் கழுத்து வீக்கமும் மட்டுமே தெரியும். தொண்டைக்குப் பின்னால் சீழ் கட்டியது போலவே இருக்கும். ஸ்கேனிலும் அங்கே வீக்கம் தெரியலாம். சீழ்க்கட்டிக்கு ஆன்டிபயாடிக், சில சமயம் அறுவை சிகிச்சை. கவாசாகி நோய்க்கு இவை இரண்டும் பயன்படா.

என் பேரனுக்கும் இப்படித்தான். கழுத்தைத் திருப்ப முடியவில்லை. சீழ் என்று நினைத்து ஆன்டிபயாடிக் ஊசி போட்டார்கள், காய்ச்சல் இறங்கவில்லை. அறுவை சிகிச்சை பற்றிப் பேச்சு வந்தது. ஏழாம் நாள் ஓர் இளம் மருத்துவர் வெடித்த உதட்டையும் சிவந்த உள்ளங்கையையும் பார்த்துவிட்டு, "கண் சிவந்திருந்ததா?" என்று கேட்டார். மூன்றாம் நாளே சிவந்திருந்தது. அழுததால் என்று எண்ணி நான்தான் யாரிடமும் சொல்லவில்லை. அன்றே மருந்து ஏற்றினார்கள். எக்கோ பரிசோதனையில் இதயம் நன்றாக இருக்கிறது.

அறிகுறிகள் எல்லாம் ஒரே நாளில் வர வேண்டியதில்லை. வந்தது மறைந்தும் போகும். ஆகவே பெற்றோரே, தாத்தா பாட்டிகளே, குழந்தைக்குக் காய்ச்சல் விடாவிட்டால் நாள் வாரியாகக் குறித்து வையுங்கள். அற்பம் என்று நினைப்பதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். கவாசாகி குறித்து வைத்தார், நான் வைக்கவில்லை.