திண்ணை இருந்த டிவி சிக்னல்

புராஜெக்ட்டுக்காக ஓவி7670-ங்கிற கேமரா சென்சாரோட டேட்டாஷீட்டைப் படிச்சிக்கிட்டிருக்கேன். 640 x 480 பிக்சல் படம் தர்ற சின்னச் சில்லு. ஆனா ஒரு வரிக்கு அது எடுத்துக்கிற நேரம் 784 பிக்சலுக்கானது. ஒரு ஃபிரேமுக்கு 510 வரிக்கான நேரம். பெருக்கிப் பார்த்தா, மொத்த நேரத்துல சுமார் 23 சதவீதம் படமே வராத நேரம்! இதுக்குப் பேரு பிளாங்கிங். ஒவ்வொரு வரி முடிஞ்சதும் கொஞ்சம், ஒவ்வொரு ஃபிரேம் முடிஞ்சதும் கொஞ்சம்னு சென்சார் மூச்சு வாங்கிக்குது.

எதுக்கு இந்த வெட்டிச் செலவுன்னு கேட்டா, கதை 1936-க்குப் போகுது.

அந்த வருஷம் நவம்பர் 2-ம் தேதி லண்டன் அலெக்ஸாண்ட்ரா பேலஸ்ல இருந்து பிபிசி தொலைக்காட்சி ஒளிபரப்பை ஆரம்பிச்சது. ரெண்டு போட்டி முறைகளை மாத்தி மாத்தி ஓட்டிப் பார்த்தாங்க. ஜெயிச்சது மார்க்கோனி-இஎம்ஐயோட 405 கோடு முறை (மாசத் தவணை இஎம்ஐ இல்லீங்க :-)).

டியூப் டிவியில ஒரு எலக்ட்ரான் கற்றை இடமிருந்து வலமா கோடு கோடா படத்தை வரையும். ஒரு கோடு முடிஞ்சதும் மறுபடி இடப்பக்கம் ஓடணும். காந்தச் சுருள்ல ஓடுற மின்னோட்டத்தை ஒரே நொடியில திருப்பிட முடியாது, அதுக்குக் கொஞ்சம் நேரம் வேணும். திரும்பி ஓடும்போது கற்றை எரிஞ்சா படத்துக்குக் குறுக்கே கோடு விழும். அதனால அந்த நேரம் முழுக்க சிக்னலை இருட்டாக்கிட்டாங்க. அந்த இருட்டுக்குள்ளேயே, கறுப்பையும் விடக் கீழே ஒரு துடிப்பை இறக்கினாங்க. 'அடுத்த கோட்டை ஆரம்பி'ங்கிறதுக்கான அடையாளம் அது. அதுதான் சிங்க்.

பின்னாடி நம்ம தூர்தர்ஷனுக்கு வந்த 625 கோடு முறையில ஒரு கோட்டுக்கு 64 மைக்ரோ விநாடி. அதுல 12 இருட்டு. 625-ல சுமார் 50 கோட்டுல படமே இருக்காது. ஆன்டெனாவைக் காத்து திருப்பிவிட்டா படம் மேலே மேலே உருளுமே, ஞாபகம் இருக்கா? வி-சிங்க் டிவிக்கு ஒழுங்கா எட்டாததோட விளைவு அது.

இனிமேதான் சுவாரசியம். சிங்க் துடிப்புக்கும் படத்துக்கும் நடுவுல மிஞ்சுற இருட்டுத் துண்டுக்கு இஞ்சினியருங்க வெச்ச பேரு பேக் போர்ச். நம்ம பாஷையில பின்பக்கத் திண்ணை. திண்ணை காலியா இருந்தா யாராவது வந்து உக்காரத்தானே செய்வாங்க?

1953-ல அமெரிக்காவுல கலர் டிவிக்கு முறை வகுத்தப்போ, பழைய கறுப்பு வெள்ளைப் பெட்டிகளும் தொடர்ந்து வேலை செய்யணும்னு நிபந்தனை. கலருக்கான அடையாள அலையைத் திண்ணையில உக்கார வெச்சாங்க. 1974-ல பிபிசி, படம் இல்லாத மேல் கோடுகள்ல எழுத்துகளை அனுப்பி சீஃபாக்ஸ்னு சேவை தொடங்குச்சு. செய்தி, வானிலை எல்லாம் அதுல வந்தது. 2012 வரைக்கும் ஓடுச்சு.

எனக்கு ரொம்பப் பிடிச்சது 21-வது கோடு. 1980 மார்ச்ல அமெரிக்காவுல காது கேளாதவங்களுக்கான வசன எழுத்துகள் அந்த ஒரு கோட்டுல ஏறி வர ஆரம்பிச்சது. முதல்ல அதைப் படிக்கத் தனிப் பெட்டி வாங்கணும். 1990-ல சட்டம் போட்டாங்க. 1993 ஜூலைக்கு அப்புறம் விற்பனைக்கு வர்ற, 13 அங்குலமோ அதுக்கு மேலயோ உள்ள டிவி எல்லாத்துக்குள்ளேயும் அந்த வசதி இருந்தே ஆகணும்னு ஆச்சு. யாருக்கும் வேண்டாத கோடு, லட்சக்கணக்கான பேருக்கு வசனமாச்சு.

1982-ல டிஜிட்டலுக்குப் பொது விதி எழுதினப்போ இன்னொரு அதிசயம். 525 கோடு நாடுகளும் 625 கோடு நாடுகளும் ஒத்துப்போகவே முடியாதுன்னு இருந்த காலம். ரெண்டு பக்கமும் படத்துக்கு 720 புள்ளின்னு பொதுவா வெச்சாங்க. இருட்டையும் சேர்த்து ஒரு பக்கம் 858, இன்னொரு பக்கம் 864. 864 x 625 x 25 போட்டுப் பாருங்க, சரியா 13.5 மெகாஹெர்ட்ஸ். 858 x 525 x 29.97-க்கும் அதே விடை! சண்டையைத் தீர்த்து வெச்சதே அந்த இருட்டுதான்.

இப்ப சென்சாருக்கு வருவோம். இங்க திருப்பி ஓட்ட கற்றையே இல்லை. ஆனாலும் ஒரு வரிசைப் பிக்சல்களோட மதிப்பை வெளியே எடுத்துப் பிடிச்சு வைக்க நேரம் வேணும். வெளிச்ச அளவை மாத்தணும்னா படத்துக்கு நடுவுல மாத்த முடியாது, ரெண்டு ஃபிரேமுக்கு இடைவெளியிலதான் மாத்தணும். ஃபிரேம் வேகத்தைக் குறைச்சு நீளமா வெளிச்சம் வாங்கணுமா? அதுக்கும் இருட்டு வரிகளைக் கூட்டுறதுதான் வழி. லினக்ஸ் கேமரா டிரைவர்ல இதுக்குன்னே ஒரு கட்டுப்பாடு உண்டு. 2005-ல வந்த சிஎஸ்ஐ-2 முறையில சிங்க் கம்பிகளே போயிடுச்சு. 'ஃபிரேம் ஆரம்பம்', 'ஃபிரேம் முடிவு'ன்னு சின்ன பாக்கெட்டுகளா அந்தச் சேதி வருது. இன்னிக்கு நிறைய ஃபோன் கேமராக்கள் பேசுறது இந்த முறையிலதான். கம்பி போனாலும் இடைவெளி போகலை.

வேகம் கூட்டணும்னா முதல்ல பிளாங்கிங்கை வெட்டத்தான் கை போகும். ஓரளவுக்கு வெட்டலாம், தப்பில்லை. ஆனா வெட்டுறதுக்கு முன்னாடி அந்தத் திண்ணையில யாரு படுத்திருக்காங்கன்னு ஒரு தடவை பார்த்துக்குங்க மக்களே!