ரணவரா

ஆவாரைச் செடியின் பூவையும் இலையையும் உலர்த்தி, கொதிக்கவைத்துக் குடிக்கும் இலங்கைப் பானம். சிங்களப் பெயரான ரணவரா என்றே பரவலாக அறியப்படுகிறது. ஆவாரையின் தாவரவியல் பெயர் சென்னா ஆரிகுலேட்டா. அவரைக் குடும்பத்தைச் சேர்ந்தது.

மழை குறைந்த, வெயில் மிகுந்த நிலமே ஆவாரைக்கு உகந்தது. புத்தளம் கரையோரம், மன்னார், அம்பாந்தோட்டை போன்ற உலர் பகுதிகளில் இது புதராக மண்டி வளர்கிறது. ஐந்து இதழ்கள் கொண்ட பளிச்சென்ற மஞ்சள் பூக்கள் கொத்தாக மலரும்; காய் தட்டையாக இருக்கும். துவர்ப்பு மிகுந்த பட்டை தோல் பதனிடப் பயன்பட்டது.

பூவை நிழலில் காயவைத்து, சிலர் இலேசாக வறுத்தும் எடுப்பார்கள். கொதித்த நீர் பொன்னிறமாகும்போது வடித்து, கருப்பட்டித் துண்டைக் கடித்துக்கொண்டு சுடச்சுடக் குடிப்பது வழக்கம். தேயிலையே சேராததால் கஃபீன் இல்லை.

தமிழ்நாட்டின் கொங்குப் பகுதியில் பொங்கலுக்கு முன் காப்புக் கட்டும்போது ஆவாரம்பூ, சிறுபீளை, வேப்பிலை மூன்றும் சேர்கின்றன. அந்தச் சிறுபீளையும் இலங்கையில் பொல்பலா என்ற பெயரில் பானமாகிறது.

நீரிழிவுக்கும் சிறுநீர்க் கோளாறுக்கும் நாட்டு வைத்தியம் ஆவாரையைப் பயன்படுத்துகிறது. எனினும் மருத்துவர் தந்த மாத்திரையை நிறுத்திவிட்டு இதை மட்டும் நம்புவது ஆபத்து. வலிப்பு நோய் மருந்தான காபமசபினுடன் ஆவாரைப் பானத்தையும் கொடுத்தபோது, எலிகளின் இரத்தத்தில் அம்மருந்தின் அளவு கூடியதாக ஆய்வு காட்டியுள்ளது. தொடர்ந்து மருந்து எடுப்பவர்கள் மருத்துவரிடம் கேட்டுக் குடிக்க வேண்டும்.