ரூ என்ற டாக்டரும் என் தங்கை மகனும்

சென்ற மாதம் கள்ளக்குறிச்சியில் தங்கை வீட்டில் நான்கு நாள் இருந்தேன். அவள் மகன் கல்வராயன் மலையில், வெள்ளிமலைப் பக்கத்துப் பள்ளி ஒன்றில் வாத்தியார். ஆறு வருடத்துக்கு முன் இரைப்பையைச் சிறிதாக்கும் அறுவை சிகிச்சை செய்துகொண்டு, 132 கிலோவிலிருந்து 88-க்கு இறங்கினான். இப்போது 113. "மலை பஸ்ஸில் ஏறினா, 'போன வாத்தியார் திரும்பி வந்துட்டாரு'ன்னு சிரிக்கிறாங்க மாமா" என்றான். இன்னொரு அறுவை சிகிச்சை செய்யலாம் என்று டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டைக் காட்டினான். அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லையாம், வெட்கம்.

சீட்டில் இருந்ததை 'ரௌக்ஸ்' என்று படித்தான். பாண்டிச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்த எனக்குக் காது கூசியது. "அது 'ரூ' மாப்பிள்ளை" என்றேன். செசார் ரூ (1857-1934), சுவிட்சர்லாந்தில் பிரெஞ்சு பேசும் லோசான் நகரத்து அறுவை மருத்துவர். சிறுகுடலை வெட்டி, ஆங்கில 'ஒய்' எழுத்துப் போல இரைப்பையோடு இணைக்கும் முறை அவருடையது. அவர் அதைச் செய்தது இளைப்பதற்காக அல்ல, இரைப்பையின் வழி அடைபட்டுச் சாப்பிட முடியாமல் கிடந்தவர்களுக்காக.

பருமனுக்காகக் கத்தி எடுத்த கதை பிறகு வருகிறது. 1954-இல் அமெரிக்காவின் மினசோட்டாவில் கிரெமென், லின்னர் முதலியோர் சிறுகுடலின் பெரும்பகுதியை உணவு தொடாதபடி செய்த முறையை வெளியிட்டார்கள். எடை குறைந்தது. ஆனால் ஓயாத வயிற்றுப்போக்கும் கல்லீரல் கேடும் வந்து, பலருக்குப் போட்ட இணைப்பையே மீண்டும் பிரிக்க வேண்டியதாயிற்று. 1966-இல் அயோவாவில் எட்வர்ட் மேசன் இரைப்பை பைபாஸைத் தொடங்கினார். வயிற்றுப்புண்ணுக்காக இரைப்பையில் பாதியை இழந்தவர்கள் சதை போடாததைக் கவனித்ததில் பிறந்த யோசனை அது. 1977-இல் கிரிஃபென் என்பவர் அதில் ரூவின் 'ஒய்' இணைப்பைச் சேர்த்தார். 1987-இல் பிரான்ஸின் லியோன் நகரில் ஃபிலிப் மூரே சிறு துளைகள் வழியே பித்தப்பையை எடுத்துக் காட்டிய பிறகு, துளை வழி அறுவை உலகெங்கும் பரவியது. 1994-இல் பைபாஸும் அப்படிச் செய்யப்பட்டது. நம் நாட்டில் 2011-இல் நிதின் கட்கரியும் 2014-இல் அருண் ஜேட்லியும் எடைக் குறைப்பு அறுவை செய்துகொண்டபோதுதான் பலரும் இதைக் கேள்விப்பட்டோம்.

மருமகனுக்குச் செய்தது 'ஸ்லீவ்'. இரைப்பையில் முக்கால் பங்குக்கு மேல் எடுத்துவிட்டு, மீதியைச் சட்டைக்கை போல் தைப்பது. 2000-ஐ ஒட்டி நியூயார்க்கில் மிஷேல் கானியே குழுவினர், மிக அதிகப் பருமன் கொண்டவர்கள் பெரிய அறுவையை ஒரே தடவையில் தாங்கமாட்டார்கள் என்று அதை இரண்டாகப் பிரித்தார்கள். முதல் பாதி ஸ்லீவ், சில மாதம் கழித்துக் குடல் மாற்றம். முதல் பாதியிலேயே பலருக்கு எடை நன்றாக இறங்கியதால், அதுவே முழுச் சிகிச்சையாகிவிட்டது. "பாதியாகப் பிறந்த வைத்தியம்டா அது. மறுபாதி தேவைப்பட்டால் உனக்கு என்ன அவமானம்?" என்றேன்.

எடை திரும்புவதும் அதிசயமில்லை. 1987-இல் தொடங்கிய சுவீடன் ஆய்வில், பைபாஸ் செய்தவர்கள் ஓரிரு வருடத்தில் 32 சதவீதம் எடை இழந்தார்கள். பத்து வருடத்தில் அது 25 ஆனது. இரைப்பையில் வளையம் போட்டவர்களுக்கு 20 சதவீதம் 14 ஆனது. ஆனாலும், அறுவை செய்துகொண்டவர்களிடையே மரணம் குறைவு என்று 2007-இல் அந்த ஆய்வு சொன்னது. இளைத்த உடம்பு பசியைக் கூட்டிச் செலவைக் குறைத்து, பழைய எடைக்கே போகப் பார்க்கும். நாக்கை மட்டும் குற்றம் சொல்லிப் பயனில்லை.

அதற்காக உடனே போய்ப் படுத்துக்கொள் என்றும் சொல்லவில்லை. முதல் அறுவையின் தழும்புகளால் இரண்டாவதில் ஆபத்து கூடுதல். பைபாஸுக்குப் பின் இரும்பு, பி12, கால்சியம் மாத்திரைகள் ஆயுள் முழுவதும் வேண்டும். 2025-இல் வாரம் ஒரு முறை போடும் ஊசிகளும் இங்கே விற்பனைக்கு வந்துவிட்டன. மூன்று கேள்விகளை ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன்: என் இரைப்பை விரிந்திருக்கிறதா, எண்டோஸ்கோப்பி செய்து பார்த்தீர்களா? முதலில் ஊசியை முயலலாமா? இரண்டாவது அறுவையை நீங்கள் எத்தனை பேருக்குச் செய்திருக்கிறீர்கள்?

அன்று இரவே அம்மாவிடம் சொல்லிவிட்டான். தங்கை எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அப்ப அந்த டாக்டர் பாதி வேலைதான் பார்த்தாராடா?" என்றாள். நான் ஒரு மணி நேரம் சொன்ன சரித்திரத்தை அவள் ஒரு வரியில் முடித்துவிட்டாள். மறுநாள் காலை வெள்ளிமலை பஸ்ஸுக்கு அவன் கிளம்பியபோது, அந்தத் தாள் சட்டைப் பையில் இருந்தது.