சூப் டம்ப்ளிங்கும் தைவான் நூடுல்ஸும்

தைவான் உணவகங்களின் அடையாளமாக உலகம் அறிந்த பண்டங்கள் இரண்டு. ஒன்று, சியாவ்லோங்பாவ் எனப்படும் சூப் டம்ப்ளிங். மெல்லிய கோதுமை மாவுத் தோலுக்குள் இறைச்சிப் பூரணத்தையும் சுடச்சுட சூப்பையும் அடக்கி, மூங்கில் தட்டில் ஆவியில் வேகவைப்பது. பார்வைக்கு மடிப்பு வைத்த மோதகம் போல இருக்கும். மற்றொன்று, காரசாரமான குழம்பில் மிதக்கும் மாட்டிறைச்சி நூடுல்ஸ். இரண்டுமே தைவானின் பழம்பெரும் உணவுகள் அல்ல. அரிசியும் மீனும் சர்க்கரைவள்ளியும் உண்டு வாழ்ந்த அந்தத் தீவுக்கு, 1949இல் சீன உள்நாட்டுப் போர் முடிந்த காலத்தில் வந்துசேர்ந்த பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட மக்களோடு வந்தவை. அங்கேயே உருமாறி ஊர்ச்சொத்தானவை.

சூப் டம்ப்ளிங்கின் தாய்வீடு ஷாங்காய் நகரின் புறத்தே ஜியாதிங் வட்டாரத்தில் உள்ள நான்சியாங் என்னும் சிற்றூர். 1870களில் அங்கு பலகாரக் கடை நடத்திய ஹுவாங் மிங்சியான் என்பவரே இதை உருவாக்கியவர் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி. 1900இல் ஷாங்காயின் யூயுவான் தோட்டத்தருகே திறக்கப்பட்ட நான்சியாங் கடை இன்றும் நடக்கிறது. ஊருக்கு ஊர் இது மாறுபடும். வூசி நகரத்தார் பூரணத்தில் இனிப்பைத் தூக்கலாகச் சேர்ப்பார்கள். ஜிங்ஜியாங் ஊரின் சூப் பாவ் ஒரு தட்டளவு பெரியது. உறிஞ்சுகுழல் வைத்துத்தான் குடிக்க முடியும். சுவைப்பதைவிட வேடிக்கை பார்ப்பதற்கே அது ஏற்றது.

திரவத்தை மாவுக்குள் எப்படி ஊற்றுகிறார்கள் என்பது முதன்முறை உண்பவர் அனைவரும் கேட்கும் கேள்வி. ஊற்றுவதே இல்லை. பன்றித் தோலை நெடுநேரம் கொதிக்கவிட்டால் அதிலுள்ள கொலாஜன் கரைந்து ஜெலட்டின் ஆகிறது. வடிகட்டிய சாற்றைக் குளிரவைத்தால் அது கட்டியாக உறையும். அந்தக் கட்டியைப் பொடியாக நறுக்கி, கொத்திய பன்றியிறைச்சி, இஞ்சிச்சாறு, வெங்காயத்தாள், சோயா சாஸ் ஆகியவற்றோடு பிசைவார்கள். ஜெலட்டின் நம் உடற்சூட்டை ஒட்டிய வெப்பத்திலேயே உருகிவிடும். எனவே திடமாக உள்ளே போனது, ஆவியில் சில நிமிடங்களில் சூப்பாகிவிடுகிறது. இதனால்தான் பூரணத்தைச் சில்லென்று வைத்திருக்க வேண்டும். கை பட்டுச் சூடேறினால் மடிக்கும்போதே கசியத் தொடங்கும்.

தைவானில் இந்தப் பண்டத்தின் வரலாறு பெருமளவு ஒரே கடையின் வரலாறு. 1927இல் சீனாவின் ஷான்சி மாநிலத்தில் பிறந்த யாங் பிங்-யீ, 1948இல் தைவான் வந்து எண்ணெய்க் கடை ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தார். 1958இல் மனைவி லாய் பென்-மேயுடன் சேர்ந்து தைப்பேயில் டின் தாய் ஃபங் என்ற பெயரில் சொந்தமாக எண்ணெய்க் கடை தொடங்கினார். தகர டப்பாவில் அடைத்த சமையல் எண்ணெய் சந்தைக்கு வந்ததும் சில்லறை வியாபாரம் படுத்துவிட்டது. 1972இல் கடையின் பாதியை ஒதுக்கி சியாவ்லோங்பாவ் விற்றுப்பார்த்தார்கள். விரைவிலேயே எண்ணெய் வியாபாரத்தை மூட்டைகட்டிவிட்டு முழு உணவகமாகவே மாறினார்கள். 1993இல் நியூயார்க் டைம்ஸ் நாளிதழ் உலகின் பத்துச் சிறந்த உணவகங்களுள் ஒன்றாக இதைக் குறிப்பிட்டது. 1996இல் தோக்கியோவிலும் 2000இல் கலிஃபோர்னியாவின் ஆர்கேடியாவிலும் கிளைகள் வந்தன. ஹாங்காங் கிளை மிஷலின் நட்சத்திரமும் பெற்றது. யாங் 2023இல் தம் 96ஆம் வயதில் காலமானார்.

ஷாங்காயில் கைப்பழக்கமாக இருந்ததை இந்தக் கடை கணக்காக மாற்றியது. தைவானின் உண்மையான பங்களிப்பு இதுதான். பிசைந்த மாவைக் கயிறுபோல் நீட்டி, 5 கிராம் உருண்டைகளாகக் கிள்ளித் தராசில் வைக்கிறார்கள். விரல்பருமன் குழவியால் தேய்க்கும்போது நடுப்பகுதி சற்றுத் தடித்தும் ஓரம் மெலிந்தும் இருக்க வேண்டும். நடு மெலிந்தால் அடி பிய்ந்துவிடும், ஓரம் தடித்தால் உச்சியில் வேகாத மாவு முடிச்சு நிற்கும். அதன்மேல் 16 கிராம் பூரணம். பிறகு ஒரு கையால் மாவுத் தோலைச் சுழற்றிக்கொண்டே மறுகையின் விரல்களால் 18 மடிப்புகள் வைத்து வாயை மூடுகிறார்கள். முடிந்த பண்டம் மறுபடி தராசுக்குப் போகும்: 21 கிராம். இவ்வளவும் கண்ணாடிச் சுவருக்கு அப்பால், காத்திருப்போர் பார்க்கும்படி நடக்கிறது. 18 மடிப்பு இல்லாவிட்டால் ருசி கெட்டுவிடாது. தைப்பேயின் சந்துக்கடைகளில் மடிப்பு எண்ணாமல் செய்யப்படுவதும் நன்றாகவே இருக்கிறது. ஆனால் எந்த நாட்டில் சாப்பிட்டாலும் ஒரே பதத்தில் கிடைக்க வேண்டுமானால் தராசு வேண்டியிருக்கிறது.

உண்பதற்கு ஒரு முறை உண்டு. இஞ்சியைத் தலைமயிர் போல் மெல்லிய கீற்றாக நறுக்கி, சோயா சாஸ் ஒரு பங்குக்குக் கறுப்பு வினிகர் மூன்று பங்கு விட்டுக் கலக்க வேண்டும். பண்டத்தை நடுவில் கவ்வாமல், மடிப்புகள் கூடும் உச்சியைக் குச்சிகளால் பிடித்துத் தூக்கி வினிகரில் தோய்த்து, அகலக் கரண்டியில் வைக்க வேண்டும். தோலில் சிறு துளையிட்டால் சூப் கரண்டியில் வழியும். அதைக் குடித்துவிட்டு மிச்சத்தை இஞ்சியோடு சேர்த்து ஒரே வாயில் போட்டுக்கொள்ளலாம். அவசரப்பட்டு முழுதாக விழுங்குபவர் நாக்கைச் சுட்டுக்கொள்வார்; படம் எடுத்துக்கொண்டு ஆறவிடுபவருக்குத் தோல் தட்டோடு ஒட்டிக் கிழியும். இரண்டாவதே பெரிய நட்டம்.

மாட்டிறைச்சி நூடுல்ஸின் கதை வேறு. ஏர் உழும் மாட்டைத் தின்பதைத் தைவான் உழவர்கள் நெடுங்காலம் தவிர்த்தே வந்தனர். சீனப் பெருநிலத்திலிருந்து வந்த படைவீரர் குடும்பங்களுக்கு அந்தத் தயக்கம் இல்லை. தீவின் தெற்கே காவ்சியுங் பகுதியில் உள்ள காங்ஷானில், சிச்சுவான் மாநிலத்திலிருந்து வந்த விமானப்படைக் குடும்பங்கள் தங்கள் ஊர் முறைப்படி மிளகாயும் அவரையும் புளிக்கவைத்த தோபன் விழுதைச் செய்துவந்தனர். அந்த விழுதும் சோயா சாஸும் அன்னாசிப்பூவும் சேர்ந்த குழம்பில் இறைச்சியை மணிக்கணக்கில் வேகவைக்கும் பழக்கம் அங்கேதான் பிறந்தது என்பது வரலாற்றாசிரியர் லூ யாவ்துங் முன்வைத்த கருத்து. நூடுல்ஸுக்கு வேண்டிய மாவு 1950களில் அமெரிக்க உதவியாகக் கப்பலில் வந்தது. இரு நாடுகள் கைகுலுக்கும் படம் அச்சிட்ட மாவுச் சாக்குகளைப் பிள்ளைகளுக்கு அரைக்கால் சட்டையாகத் தைத்துப் போட்ட கதையை அந்தத் தலைமுறையினர் இன்றும் சிரித்துக்கொண்டே சொல்வார்கள்.

மாட்டின் கால் சதையும் தசைநாரும் இந்தக் குழம்புக்கு ஏற்றவை. தசைநார் ஜவ்வாக இழுக்காமல் வழுக்கிக்கொண்டு போனால் வேக்காடு சரி. மேசையில் இருக்கும் புளிக்கவைத்த கடுகுக்கீரையைக் கொஞ்சம் தூவிக்கொண்டால் குழம்பின் கனம் குறையும். குழம்பை ருசி பார்ப்பதற்கு முன்பே அள்ளிப்போடுவது அழகல்ல. மசாலா சேராத தெளிந்த சாற்று வகையும் உண்டு. 1963 முதல் நடக்கும் யோங்காங் கடை தைப்பேயின் பேர்பெற்ற கடைகளுள் ஒன்று. 2005 முதல் தைப்பே நகர நிர்வாகம் இந்த உணவுக்கென்றே விழா நடத்திவருகிறது.

வந்தேறிகளின் நூடுல்ஸுக்கு முன்பே தீவுக்குச் சொந்தமாக ஒன்று இருந்தது: தைனான் நகரின் தான்சாய் நூடுல்ஸ். புயல்மாதங்களில் கடலுக்குப் போக முடியாத ஹுங் யூ-தாவ் என்ற மீனவர் 1895இல் காவடித்தண்டில் தூக்கி விற்றது அது. இறால் சாறு, வதக்கிய பன்றிக்கொத்து, மேலே ஓர் இறால். கிண்ணம் மிகச் சிறியது. உடனடி நூடுல்ஸைக் கண்டுபிடித்த மொமொஃபுக்கு ஆந்தோவும் 1910இல் தைவானில் பிறந்தவரே. ஜப்பானில் அவருடைய முதல் பாக்கெட் விற்பனைக்கு வந்த 1958ஆம் ஆண்டில்தான் யாங்கின் எண்ணெய்க் கடையும் தொடங்கியது.

சிங்கப்பூரில் டின் தாய் ஃபங் கிளைகள் 2003 முதல் இயங்குகின்றன. மலேசியாவிலும் இந்தோனேசியாவிலும் பன்றியிறைச்சிக்குப் பதில் கோழி சேர்த்த வகை கிடைக்கும் கிளைகள் உண்டு. சைவ உணவுக்காரர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று: காய்கறி டம்ப்ளிங் என்று பட்டியலில் இருந்தாலும் அதில் பெரும்பாலும் சூப் இருக்காது, நூடுல்ஸின் சாறோ எலும்பில் வடித்ததாக இருக்கலாம். கேட்டுத் தெரிந்துகொண்டு வாங்குவது நல்லது.